எல்டன் ரிங் எக்ஸ்பான்ஷன்: 'கீ' என்று விற்று லாகினைக் கையில் திணிக்கிறார்கள், உஷார்

'எல்டன் ரிங்' வீடியோ கேமோடு சேர்த்து விளையாடும் கூடுதல் பாகமான (எக்ஸ்பான்ஷன்) 'ஷேடோ ஆஃப் தி எர்ட்ரீ'யை இன்னும் வாங்காமல், தள்ளுபடியில் கீ (கேமைத் திறக்கும் குறியீடு) விற்கும் தளங்களில் தேடிக்கொண்டிருப்பவர்கள் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். நான் கட்டிவிட்டேன். வந்தது எக்ஸ்பான்ஷன் அல்ல. கேம் விற்கும் ஆன்லைன் கடையான ஸ்டீமில் முன்பின் தெரியாத யாரோ ஒருவர் வைத்திருந்த அக்கவுண்டின் யூசர்நேமும் பாஸ்வேர்டும்தான் வந்தன.

தளத்தின் பெயரைப் போடவில்லை. இதே படம், இதே வாசகத்தோடு வேறு பெயர்களிலும் பக்கங்கள் இருக்கின்றன. ஒன்றைச் சொன்னால் மற்றவை எல்லாம் யோக்கியம் என்று ஆகிவிடும்.

அந்தப் பக்கத்தைத் திறந்ததும் முதலில் கண்ணில் படுவது பச்சைக் கட்டத்துக்குள் ஒரு பெரிய 95. அடுத்து 'ஆண்டின் சிறந்த கேம் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது' என்ற பட்டை. இரண்டிலும் பொய் இல்லை. 2024 ஜூன் 21 அன்று வெளியானபோது விமர்சகர்கள் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடிய எக்ஸ்பான்ஷன் இது. விமர்சகர்களின் மதிப்பெண்களைத் திரட்டும் மெட்டாகிரிட்டிக் தளத்தில் மதிப்பெண் 90களின் நடுவில் நின்றது. அந்த வருடக் கடைசியில் தி கேம் அவார்ட்ஸின் முதன்மைப் பட்டியலிலும் இடம்பிடித்தது. தனி கேம்களோடு ஒரு எக்ஸ்பான்ஷனைச் சேர்க்கலாமா என்று பெரிய சண்டையே நடந்தது. (கடைசியில் விருது 'ஆஸ்ட்ரோ பாட்'டுக்குப் போனது. எக்ஸ்பான்ஷனைச் சேர்த்ததில் எனக்கு ஆட்சேபம் இல்லை, அது வேறு கதை.) உழைத்தது ஃப்ரம்சாஃப்ட்வேர், பாராட்டியது விமர்சகர்கள், அதை அள்ளிப் பரிமாறுவது மட்டும் இவர்கள். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே.

அதற்குக் கீழே வாடிக்கையாளர் விமர்சனங்கள், வரிசையாக ஐந்து நட்சத்திரம். நிதானமாகப் படித்துப் பாருங்கள். 'பாஸ் டிசைன் பிரமாதம்', 'மெஸ்மரோடு சண்டை மறக்கவே முடியாது', 'மேப் எவ்வளவு பெரிசு' என்றுதான் இருக்கும் (பாஸ் என்றால் கேமில் வரும் பெரிய எதிரி, மெஸ்மர் அதில் ஒருவர்). கீ சரியாக வந்ததா, வேலை செய்ததா, பிரச்சினை என்றால் பதில் சொன்னார்களா என்று ஒரு வரி கிடையாது. கேமுக்கு விழுந்த கைதட்டலைக் கடைக்கு விழுந்த கைதட்டலாக மாட்டி வைத்திருக்கிறார்கள்.

தலைப்பில் 'கீ' என்றுதான் இருந்தது. விவரப் பகுதியிலும் அப்படித்தான். பணம் போன பிறகு வந்த மெயிலில்தான் மொழி மாறியது: 'உங்கள் அணுகல் தயார். கீழே உள்ள அக்கவுண்டில் லாகின் செய்து கேமை டவுன்லோட் செய்யவும். டவுன்லோட் முடிந்ததும் ஆஃப்லைன் மோடுக்கு மாறவும். பாஸ்வேர்டை மாற்றக் கூடாது. ஆன்லைனில் விளையாடினால் நாங்கள் பொறுப்பல்ல.' லாகின் செய்பவரைச் சரிபார்க்க ஸ்டீம் ஒரு எண் (Steam Guard) கேட்டால் அதை அவர்களுடைய சாட்டில் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டுமாம்.

அந்த அக்கவுண்டில் எல்டன் ரிங்கும் இருந்தது, எக்ஸ்பான்ஷனும் இருந்தது. அதை வைத்து நான் என்ன செய்வது? என்னுடைய கேரக்டர் என் அக்கவுண்டில் இருக்கிறது. எல்டன் ரிங் சேவ் ஃபைல் ஸ்டீம் ஐடியோடு கட்டப்பட்டது. கம்ப்யூட்டரில் அந்த ஃபோல்டரைத் திறந்தால் உங்கள் 17 இலக்க ஐடியே ஃபோல்டரின் பெயராக இருப்பதைப் பார்க்கலாம். உள்ளே இருக்கும் ஃபைலை காப்பி செய்து வேறொரு ஐடியின் ஃபோல்டரில் போட்டால் கேம் அதை ஏற்காது. ஆக, புதிய கேரக்டர், முதல் குகை, லெவல் ஒன்று.

முதலிலிருந்து ஆரம்பித்தாலும் எக்ஸ்பான்ஷனுக்குள் நேராக நுழைய முடியாது. அடிப்படை கேமின் பாஸ்களில் ரடானையும் வீழ்த்த வேண்டும், மோக்கையும் வீழ்த்த வேண்டும். பிறகு மோக் இருந்த இடத்தில் கூட்டிலிருந்து தொங்கும் அந்த உலர்ந்த கையைத் தொட்டால்தான் வழி திறக்கும். ரடானையாவது கதைப்போக்கில் பலர் பார்த்துவிடுவார்கள். மோக் இருக்கும் அரண்மனையோ தேடிப் போகிறவர்களுக்கு மட்டும் கிடைக்கும் மூலையில் இருக்கிறது. நான் இதையெல்லாம் என் அக்கவுண்டில் முடித்து, கதவு வாசலில் நின்றுகொண்டிருந்தவன். விற்கப்பட்டதோ அடுத்தவன் வீட்டு வாசலுக்குக்கூடப் போகாத ஒரு சாவி. ஆஃப்லைன் என்பதால் மற்றவர்கள் எழுதி வைக்கும் மெசேஜ், ரத்தக்கறை, துணைக்கு ஆள் கூப்பிடுவது எதுவும் கிடையாது. கொஞ்ச நாளில் அந்த பாஸ்வேர்டும் செல்லாமல் போனது. என்னைப் போல எத்தனை பேருக்கு அதே லாகினை விற்றார்களோ.

ரீஃபண்ட் கேட்டேன். வந்த பதிலைப் படித்ததும்தான் இதை எழுதியே தீர வேண்டும் என்று தோன்றியது. ஸ்டீமில் வெளியீட்டு நாட்களில் பயனர் விமர்சனம் 'கலவை' என்று காட்டிய ஸ்கிரீன்ஷாட் ஒன்றை இணைத்து, 'இந்த எக்ஸ்பான்ஷன் மிகவும் கடினம் என்று உலகமே சொல்கிறது. கஷ்டமாக இருக்கிறது என்பதற்காகப் பணம் திருப்பித் தர இயலாது' என்று எழுதியிருந்தார்கள். கடினம் என்று நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எக்ஸ்பான்ஷனின் ஒரு பாஸைக்கூட நான் பார்க்கவில்லை! விற்கும்போது விமர்சகர்களின் 95, பணத்தைக் கேட்கும்போது பயனர்களின் 'கலவை'. கேமைப் பற்றி ஊர் சொன்ன நல்லதும் கெட்டதும் இரண்டுமே அவர்களுக்குக் கேடயம்.

அந்தக் 'கலவை' எதனால் வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். உங்களிடமும் இதையே நீட்டுவார்கள். முதல் நாட்களில் இரண்டு குறைகள் பெரிதாக எழுந்தன. ஒன்று, பிசியில் ஃபிரேம் விழுவதும் திக்கித் திக்கி ஓடுவதும். இன்னொன்று, அடி தாங்க முடியாத அளவுக்குக் கடுமை. அடிப்படை கேமில் சேர்த்த லெவல் மட்டும் அங்கே போதாது. அங்கங்கே கிடைக்கும் ஸ்கடுட்ரீ துண்டுகளைத் தேடிப் பொறுக்கி, நம் அடியையும் தாங்கும் சக்தியையும் கூட்டும் ஆசீர்வாதத்தை ஏற்ற வேண்டும்; மொத்தம் 50 துண்டுகள், உச்சம் 20ஆம் நிலை, அதன் பலன் எக்ஸ்பான்ஷன் நடக்கும் நிழல் நிலத்துக்குள் மட்டும்தான். பலர் அதைக் கண்டுகொள்ளாமல் நேரே பாஸிடம் போய் நொறுங்கினார்கள். துண்டுகளைத் தேடுங்கள் என்று அதிகாரபூர்வமாகவே சொல்ல வேண்டி வந்தது. ஒரு வாரத்துக்குள் வந்த அப்டேட் ஆரம்ப நிலைகளின் பலனைக் கூட்டியது. கடைசி பாஸ் மேல் எழுந்த புகாருக்கு அதே ஆண்டு செப்டம்பர் அப்டேட்டில் அவரையும் கொஞ்சம் அடக்கி வைத்தார்கள். நியாயமான விவாதம்தான் எல்லாம். எக்ஸ்பான்ஷனை வாங்கி விளையாடியவர்களின் விவாதம் அது. வாங்கியது கைக்கே வராதவன் புகாரோடு அதற்கு என்ன சம்பந்தம்?

வாங்குகிறவர்கள் பார்க்க வேண்டியது மதிப்பெண்ணை அல்ல, என்ன பொருள் வரப்போகிறது என்பதை. ஸ்டீம் கீ என்றால் பெரும்பாலும் ஐந்து ஐந்து எழுத்தாக மூன்று தொகுதி இருக்கும், அதை உங்கள் சொந்த அக்கவுண்டில் நீங்களே ஆக்டிவேட் செய்வீர்கள். 'அணுகல்', 'அக்கவுண்ட்', 'ஆஃப்லைன் ஆக்டிவேஷன்' என்று எங்காவது ஒரு சொல் தட்டுப்பட்டால் அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள். அக்கவுண்டை விற்பதும் காசு வாங்கிக்கொண்டு பயன்படுத்த விடுவதும் ஸ்டீம் ஒப்பந்தப்படியே கூடாது. அங்கே போய் முறையிடவும் உங்களுக்கு வழியில்லை. 'உதவியாளர் வந்து ஆக்டிவேட் செய்து தருவார்' என்று உங்கள் லாகினைக் கேட்டால் பேச்சை அங்கேயே முறித்துக்கொள்ளுங்கள்.

ஸ்டீமிலேயே நேராக வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. டிஎல்சிக்கு (இந்த எக்ஸ்பான்ஷன் போன்ற கூடுதல் பகுதிக்கு) ரீஃபண்ட் வேண்டுமானால் வாங்கி 14 நாளுக்குள் கேட்க வேண்டும், வாங்கிய பிறகு அடிப்படை கேமை இரண்டு மணி நேரத்துக்குமேல் ஓட்டியிருக்கக் கூடாது. மோக்கை வீழ்த்தாமல் வாங்கினால் அந்த இரண்டு மணி நேரம் வாசலைத் தேடுவதிலேயே கரைந்துவிடும், உங்கள் கம்ப்யூட்டரில் எக்ஸ்பான்ஷன் எப்படி ஓடுகிறது என்று பார்க்காமலே கெடு முடியும். முதலில் அந்தக் கூடு வரை போய்விட்டு வாங்குங்கள்.

அதே தளத்தில் 'சைபர்பங்க் 2077' என்ற வேறொரு கேமின் எக்ஸ்பான்ஷனான 'ஃபேண்டம் லிபர்ட்டி' பக்கத்தையும் பார்த்தேன். புதிய பெர்க் (கேரக்டரின் திறன்கள்) அமைப்பு, போலீஸ் துரத்தல், வண்டியிலிருந்தே சண்டை என்று பட்டியல். இவை எல்லாம் 2023 செப்டம்பரில் 2.0 அப்டேட்டில், பிசி, பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸில் எக்ஸ்பான்ஷன் வாங்காதவர்களுக்கும் இலவசமாக வந்தவை. எக்ஸ்பான்ஷன் பிஎஸ்4இலும் எக்ஸ்பாக்ஸ் ஒன்னிலும் வரவே இல்லை என்ற விவரம் பக்கத்தில் எங்கும் கிடையாது, அடிப்படை கேமை அந்த கன்சோல்களில் வைத்திருப்பவர்கள் எத்தனையோ பேர் இருந்தும்.

என் விஷயத்தில், பணத்துக்குப் பதிலாகத் தளத்திலேயே செலவழிக்கக்கூடிய 'கிரெடிட்' தருவதாகச் சொன்னார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கார்டு வழியாக டிஸ்ப்யூட் போட்டிருக்கிறேன். புகார் கொடுத்த பிறகு போய்ப் பார்த்தால் தலைப்பில் 'கீ' இருந்த இடத்தில் 'அணுகல்' உட்கார்ந்திருக்கிறது. பழைய தலைப்போடு எடுத்த ஸ்கிரீன்ஷாட் என்னிடம் இருந்ததால் பிழைத்தேன். வங்கி முதலில் கேட்டது அதைத்தான், அடுத்து லாகின் வந்த அந்த மெயிலை. வாங்குவதாக இருந்தால் பணம் கட்டும் பக்கத்தை முழுசாக ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், தேதியும் தெரிகிற மாதிரி.