ஆப்பு வகை குயிக் சேஞ்ச் டூல் போஸ்ட், 100 சீரிஸ்: பெட்டியில் வருவதும் வேலையில் தெரிவதும்

டூல் போஸ்ட் என்பது லேத்தில் (கடைசல் இயந்திரத்தில்) வெட்டும் டூலைப் பிடித்து நிற்கும் கட்டை; குயிக் சேஞ்ச் வகையில் டூலோடு கூடிய ஹோல்டரைச் சட்டென்று மாற்றலாம். பிராண்ட் பெயர் பெரிதாக இல்லாமல் பரவலாக விற்கும் 100 சீரிஸ், அதாவது ஏ.எக்ஸ்.ஏ. அளவு, ஆப்பு வகை செட் பற்றிய மதிப்புரை இது. வழக்கமாக ஒரு போஸ்ட், ஐந்து ஹோல்டர், போஸ்ட்டை லேத்தில் பூட்டும், வெட்டி முடிக்காத ஒரு டி-நட் (தலைகீழ் T வடிவ நட்) கட்டை வரும். போஸ்ட் நல்ல சரக்கு. ஹோல்டர்களில் மூன்று உருப்படி, ஒன்று சுமார், ஒன்று பெட்டியை நிரப்ப வைத்தது. டி-நட்டைப் பொருத்தும் வேலை முழுக்க நம் தலையில்.

இதே உருவத்தில் பிஸ்டன் வகையும் கிடைக்கிறது. அதில் கைப்பிடியைத் திருப்பினால் ஒரு பிஸ்டன் ஹோல்டரின் நடு முதுகைப் பிடித்து வெளியே தள்ளும். பிடிப்பு டவ்டெயிலின், அதாவது ஹோல்டரும் போஸ்ட்டும் கோத்துக்கொள்ளும் புறாவால் வடிவப் பள்ளத்தின், சாய்ந்த ஓரங்களில் மட்டும்தான். ஆப்பு வகையில் ஆப்பு நகர்ந்து டவ்டெயிலை அகட்டும். ஹோல்டர் போஸ்ட்டின் தட்டையான முகத்தோடு ஒட்டி இழுக்கப்படும். சாதாரணக் கடைசலில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. பார்ட்டிங்கிலும் (துண்டாக வெட்டி எடுப்பது) நர்லிங்கிலும் (பிடிமானத்துக்குச் சொரசொரப்பு பதிப்பது) தெரியும். செலவு கொஞ்சம் கூடினாலும் ஆப்பு வகையே சரி.

அளவு விஷயத்தில் ஸ்விங்கை, அதாவது லேத்தில் சுழல வைக்கக்கூடிய வேலையின் அதிக விட்டத்தை, மட்டும் நம்பக் கூடாது. 12 அங்குலம் வரை ஏ.எக்ஸ்.ஏ., 10 முதல் 15 வரை அடுத்த பெரிய அளவான பி.எக்ஸ்.ஏ. என்பது பொதுக்கணக்கு. உண்மையில் பார்க்க வேண்டியது கம்பவுண்டின் (போஸ்ட் உட்காரும் நகரும் மேடையின்) மேல்முகத்திலிருந்து சென்டர் (வேலை சுழலும் அச்சு) வரையுள்ள உயரம். அது 25 மி.மீ. என்று வையுங்கள். 12 மி.மீ. டூல் போட்டால் மீதி 13. ஹோல்டர் பள்ளத்தின் அடித்தடிமன் 10 மி.மீ. இருந்தால், இறக்க 3 மி.மீ.தான் இடம். இந்தக் கழித்தலில் மீதி பூஜ்யத்துக்குக் கீழே போனால் டூல் எப்போதும் சென்டருக்கு மேலேதான் நிற்கும். சின்ன டூலுக்கு இறங்க வேண்டும், இல்லையேல் சின்ன போஸ்ட் வாங்க வேண்டும். கம்பவுண்டையே மில்லிங்கில் இறக்குவோரும் உண்டு. அது திரும்பி வராத வேலை.

டி-நட்டைக் கம்பவுண்ட் பள்ளத்துக்கு ஏற்ப மில்லிங்கில் குறைக்க வேண்டும். இங்கே இரண்டு தவறு சகஜம். நட்டின் கழுத்து கம்பவுண்ட் முகத்துக்கு மேலே துருத்தினால் போஸ்ட் நட்டின் மேலேயே உட்கார்ந்துவிடும். எவ்வளவு இறுக்கினாலும் போஸ்ட் சுழலும். அரை மி.மீ. கீழே இருக்கட்டும். இரண்டாவது, போஸ்ட்டின் நடுவே போகும் ஸ்டட் (மரையிட்ட கம்பி) நட்டைத் தாண்டிப் பள்ளத்தின் தரையை முட்டுவது. அப்போது ஸ்டட்டை இறுக்க இறுக்க நட் மேலே ஏறும், பள்ளத்தின் உதடு வார்ப்பிரும்பு என்பதால் பட்டென்று உடையும். அடிப்பக்கம் கடைசி ஒன்றிரண்டு இழையை டேப் (உள்மரை வெட்டும் கருவி) முழுதும் வெட்டாமல் விட்டுவிட்டால் ஸ்டட் அங்கேயே நின்றுவிடும். நட்டை நீளமாக வைத்தால் உதட்டின் மேல் பாரம் பரவும்; சதுரமாக வெட்டிச் சிக்கனம் பிடிக்க வேண்டாம்.

இனி ஹோல்டர்கள். எண்கள் ஹோல்டர் வகையைக் குறிக்கும். 101, 102 இரண்டும் சாதாரணக் கடைசலுக்கான வேலைக்காரர்கள். 102-இன் அடியில் வி பள்ளம் இருப்பதால் உருளைப் போரிங் பாரும் (துளையின் உட்புறம் கடையும் டூல்) நிற்கும். போரிங் ஹோல்டரான 104-இன் துளை முக்கால் அங்குலம், அதாவது 19.05 மி.மீ. 20 மி.மீ. பார் நுழையாது. 16 மி.மீ. பாருக்கு வெளியே 19, உள்ளே 16 என்று ஒரு புஷ் (இடைக்குழல்) கடைந்து, நீளவாட்டில் ஒரு வெட்டு போட்டால் நன்றாகப் பிடிக்கும். பார்ட்டிங் ஹோல்டர் 107 சுமார் ரகம்: இறுக்கும் கட்டை பிளேடின் முழு நீளத்தையும் தொடாமல் ஓரத்தில் மட்டும் கடித்தால் பிளேடு சாயும். நீலச்சாயம் தடவி எங்கே தொடுகிறது என்று பார்த்து அரத்தால் சரி செய்யலாம். நர்லிங் ஹோல்டர் 110 பக்கவாட்டில் அழுத்தும் வகை. அந்த அழுத்தம் முழுவதையும் சிறு லேத்தின் கிராஸ் ஸ்லைடு (டூலை வேலையை நோக்கி நகர்த்தும் பகுதி) ஸ்க்ரூதான் தாங்க வேண்டும். வேலையை இருபுறமும் நெருக்கும் கத்தரி வகை நர்லிங் டூல் இதைவிட எவ்வளவோ மேல். அடுத்து வாங்குவதெல்லாம் 101-உம் 102-உம் ஆகவே இருக்கட்டும். எட்டு ஹோல்டர் இருந்தால் உயரம் கலைக்க வேண்டியே வராது.

டூலை இறுக்கும் கிரப் ஸ்க்ரூக்கள் (தலையில்லாத திருகுகள்) மென்மையானவை. ஆலன் கீ போட்டு நாலு முறை இறுக்கினால் உள்முனை மழுங்கும். மரையளவு மில்லியா அங்குலமா என்று பார்த்துவிட்டு 45எச் கடினத்தன்மைத் தரத்தில், தட்டை முனையுள்ளதாக மாற்றிவிடுங்கள்.

உயரம் வைக்க மெல்லிய ஸ்டீல் ரூலை டூல் முனைக்கும் உருளைக் கம்பிக்கும் நடுவில் லேசாக நெருக்குங்கள். ரூல் செங்குத்தாக நின்றால் சென்டர். மேல்முனை நம் பக்கம் சாய்ந்தால் டூல் தாழ்வு, எதிர்ப்பக்கம் சாய்ந்தால் உயரம். பிறகு ஹோல்டர் மேலுள்ள லாக் நட்டை இறுக்க மறக்கக் கூடாது. அதிர்வில் முதலில் நழுவுவது அதுதான்.

வாங்கியவுடன் செய்ய வேண்டிய சோதனை: பெட்டி கிரீஸைக் கழுவி, டவ்டெயில் ஓரப் பிசிறை எண்ணெய்க்கல்லால் தேய்த்து எடுத்து, ஹோல்டரைப் பூட்டி டயல் இண்டிகேட்டரை (நுண்ணளவு காட்டும் முள் கருவி) டூல் தண்டில் வையுங்கள். கழற்றிக் கழற்றிப் பூட்டும்போது முள் 0.02 மி.மீ.க்குள் திரும்பி வந்தால் நல்ல போஸ்ட். 0.05-ஐத் தாண்டினால் முதலில் துகளையும் பிசிறையும் தேடுங்கள், அப்புறம் வேறு ஹோல்டரைப் போட்டுப் பாருங்கள்; பெரும்பாலும் குறை ஹோல்டரில்தான். ஒவ்வொரு ஹோல்டருக்கும் கைப்பிடி வெவ்வேறு இடத்தில் நிற்பது கோளாறு அல்ல. டவ்டெயில் அளவு சற்றே மாறுபடுவதன் விளைவு அது. கைப்பிடி முட்டி நின்றும் ஹோல்டர் ஆடினால் மட்டும் திருப்பிக் கொடுங்கள்.