வெல்டிங் செட்டின் தேய்ந்த சுவிட்ச்: தேய்ப்பதா, மாற்றுவதா?

வெல்டிங் கரண்டைக் கூட்டிக் குறைக்கும் சுவிட்சை மூன்றாம் எண்ணில் வைத்தால் ராடு (வெல்டிங் குச்சி) ஒட்டிக்கொள்கிறது. குமிழை லேசாகத் திருகிப் பிடித்தால் ஒழுங்காக எரிகிறது. எங்கள் பட்டறையின் பழைய டிரான்ஸ்ஃபார்மர் செட் இப்படிப் படுத்தத் தொடங்கியபோது, குமிழுக்கு ஒரு மரச்சில்லை முட்டுக் கொடுத்து இரண்டு மாதம் ஓட்டினேன். பிறகு கருவாட்டைச் சுட்டதுபோல ஒரு நாற்றம். சுவிட்சின் முனைகளைத் தாங்கும் பேக்கலைட் (மின்சாரம் கடத்தாத கெட்டிப் பிளாஸ்டிக்) வெந்தால் அப்படித்தான் வரும்.

மெயினை அணைத்து, ஃபியூஸ் கட்டைகளைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டுதான் மூடியைக் கழற்றினேன். கேட், கிரில் வேலைக்கு வருடம் முழுக்க 3.15 மி.மீ. ராடுதான், 110 ஆம்ப்ஸ் சுற்றித்தான், அதாவது எப்போதும் மூன்றாம் எண். ஆகவே ஆறு செம்பு முனைகளில் மூன்றாவது மட்டும் அம்மை வடு விழுந்து கறுத்திருந்தது. முதல் முனை புதுக் காசு போல மின்னியது.

வழக்கமான வைத்தியம் அரமும் உப்புத்தாளும். அரை மணி நேரம், செலவு இல்லை. வெறும் செம்பு என்றால் தாராளமாகத் தேய்க்கலாம்; வெள்ளிப் பூச்சு உள்ள முனையில் அரம் வைத்தால் பூச்சு போய்விடும், துணியால் துடைப்பதோடு நிறுத்த வேண்டும். ஆனால் எல்லோரும் முனையைக் குற்றம் சொல்கிறோமே தவிர, அதை அழுத்திப் பிடிக்கும் ஸ்பிரிங்கைப் பார்ப்பதில்லை. சூட்டில் நீலம் பாரித்த ஸ்பிரிங் தன் விறைப்பை இழந்திருக்கும். அதை அப்படியே விட்டு முனையை மட்டும் பளபளப்பாக்கினால், சில வாரங்களில் பழைய கதைதான். வெல்டிங் ஓடும்போது தொடுமுனையின் இரு பக்கமும் மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்துப் பாருங்கள். 110 ஆம்ப்ஸில் 1 வோல்ட் விழுந்தால் அங்கே 110 வாட்ஸ் சூடு. 25 வாட்ஸ் சால்டரிங் அயர்ன் நான்கை ஒரே இடத்தில் வைத்ததற்கு ஏறக்குறைய சமம்.

புது சுவிட்ச் வாங்குவது சுத்தமான வழி போலத் தோன்றும். அதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். சுவிட்ச் பிரைமரி பக்கம் (லைன் கரண்ட் உள்ளே வரும் பக்கம்) இருந்தால், இரண்டு ஃபேஸில் ஓடும் செட்டுக்கு அதன் வழியே போவது ஏறக்குறைய 20 ஆம்ப்ஸ்தான். கடையில் கிடைக்கும் 63 ஆம்ப்ஸ் ரோட்டரி சுவிட்ச் தாங்கும். என் செட்டில் அது செகண்டரியில் (ராடுக்குக் கரண்ட் போகும் பக்கம்) இருக்கிறது. வெல்டிங் கரண்ட் முழுவதும் அதன் வழியே போக வேண்டும். அங்கே 63 ஆம்ப்ஸ் சுவிட்சைப் பொருத்துவது தீக்குச்சியை உரசி வைப்பது மாதிரி. அதே அளவுப் பழைய சுவிட்ச் பழைய இரும்புக் கடையில் கிடைக்கலாம். அதுவும் யாரோ தேய்த்துத் தீர்த்ததாகத்தான் இருக்கும்.

சுவிட்சையே தூக்கிவிட்டு, காயிலின் (கம்பிச் சுருளின்) முனைகளை வெளியே கொண்டுவந்து போல்ட் நட்டில் இறுக்குவது மூன்றாவது வழி. பார்க்க அழகில்லை, எண் மாற்ற ஒவ்வொரு முறையும் மெயினை அணைத்து ஸ்பேனரைத் தேட வேண்டும். ஆனாலும் பேக்கலைட் கரியாகிவிட்டால் நான் இதைத்தான் சொல்வேன். கரி மின்சாரத்தைக் கடத்தும். சுரண்டிவிட்டுப் பயன்படுத்த நினைப்பது வீண். செம்பு போல்ட் கிடைக்காமல் பித்தளை போட்டால் ஒரு நூல் (1/8 அங்குலம்) கூடுதல் பருமனாகவே போடுங்கள். பித்தளை கடத்துவது செம்பில் ஏறக்குறைய கால் பங்குதான்.

புது இன்வெர்ட்டர் வகை வெல்டிங் செட் வாங்கச் சொன்னவர்களும் உண்டு. தூக்க எளிது, கரண்ட் மிச்சம். செம்புக் காயில் நன்றாக இருக்கும் செட்டை ஒரு சுவிட்சுக்காக எடைக்குப் போட எனக்கு மனம் வரவில்லை.

நல்லவேளை, என் பேக்கலைட் ஓரத்தில் மட்டுமே பழுப்பேறியிருந்தது. ஸ்பிரிங்குகளைப் புதிதாகப் போட்டேன். மூன்றாம் முனைக்கு வந்த ஒயரையும், யாரும் தொடாத முதல் முனையின் ஒயரையும் இடம் மாற்றிப் பூட்டினேன். அலுமினியக் காயிலாக இருந்தால் இந்த வேலையில் ஒயரைச் சில முறை வளைத்தாலே முறியலாம், என்னுடையது செம்பு. இப்போது வேலையெல்லாம் ஒன்றாம் எண்ணில். குமிழ் அருகே வெள்ளை பெயிண்டில் பெரிய புள்ளியும் வைத்தாயிற்று. பட்டறைப் பையன் மட்டும் பழக்கத்தில் மூன்றுக்குத் திருகிவிட்டு, ராடு ஒட்டுகிறது என்று இன்னும் கத்துகிறான்.