பிளஸ் ஒன் பிள்ளைக்கு 'ஸ்லிம் டீ' விற்கிறார்கள், உஷார்!

திருச்சியில் மாடி அறை ஒன்றில் நடக்கும் எடைக்குறைப்பு மையம் அது. பெயர் போடவில்லை, இதே கடை வேறு போர்டோடு உங்கள் தெருவிலும் இருக்கும்.

அக்கா மகளுக்கு 16 வயது. உயரத்துக்கு எடை சரியா என்று பார்க்கும், பெரியவர்களுக்கான பி.எம்.ஐ. அட்டையைக் காட்டி, "ஓவர் வெயிட்மா நீ" என்று சொல்லி 8,500 ரூபாய் வாங்கிவிட்டார்கள். வளரும் பிள்ளைகளுக்கு அந்த அட்டையை அப்படியே வைத்துப் பார்க்கக் கூடாது. வயதுக்கும் பாலினத்துக்கும் ஏற்ற வளர்ச்சி வரைபடம் குழந்தை மருத்துவர்களிடம் தனியாக உண்டு.

அவர்கள் கொடுத்த 'மூலிகை டீ' பாக்கெட்டைத் திருப்பினால், பொடி எழுத்தில் நிலாவாரை. மலச்சிக்கலுக்கு நாட்டு மருந்துக் கடையில் வாங்குவோமே, அதேதான்! சாப்பிட்டதன் சத்து பெரும்பாலும் சிறுகுடலிலேயே உடம்பில் சேர்ந்துவிடும். நிலாவாரை வேலை செய்வதோ பெருங்குடலில். ஆக, எடை மெஷினில் குறைவது வெறும் தண்ணீர். கூடவே பொட்டாசியமும் போகும். அது ரொம்பக் குறைந்தால் இதயத் துடிப்பே தாறுமாறாகிவிடும்.

தினமும் காலையில் எடை மெஷினைப் போட்டோ எடுத்து வாட்ஸப் குரூப்பில் போட வேண்டும். குறைந்தால் கைத்தட்டல், கூடினால் எல்லார் முன்னாலும் கேள்வி. பீரியட்ஸ் நின்றுவிட்டது என்று பிள்ளை எழுதியதற்கு 'டீடாக்ஸ் ஆகுது, குட் சைன்' என்று பதில். முடி கொட்டுகிறது என்றதும் எண்ணெய் ஒன்றை விற்றார்கள். அதற்குத் தனி பில்.

வீட்டில் தோசையை நகத்தளவு பிய்த்துத் தட்டோரம் ஒதுக்குவாள். செவ்வாய், வெள்ளி, சஷ்டி என்று விரதம் கூடிக்கொண்டே போனது, பாட்டிக்கு ஒரே பெருமை. மே மாத வெயிலில் குளிருது என்று ஸ்வெட்டர் போட்டாள். பள்ளியில் மயங்கி விழுந்து ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகுதான் அனோரெக்சியா, அதாவது எடை கூடிவிடுமோ என்ற பயத்தில் சாப்பாட்டையே ஒதுக்கும் நோய் என்று தெரிந்தது. இது அடம் அல்ல, மனநோய், உயிரையே எடுக்கக்கூடியது. "பாவம்னு ஒரே நாள்ல வயிறு முட்டப் போட்டுடாதீங்க" என்றார் டாக்டர். நீண்ட பட்டினிக்குப் பிறகு திடீரென்று நிறையச் சாப்பிட்டால் ரத்தத்தில் பாஸ்பேட் என்ற உப்பு சரிந்துவிடுமாம், அது உயிருக்கே ஆபத்தாம். மருத்துவர் சொல்லும் அளவில்தான் ஏற்ற வேண்டும்.

சில பிள்ளைகள் நன்றாகவே சாப்பிடுவார்கள், சாப்பிட்ட கையோடு பாத்ரூமுக்குப் போய் விரலை விட்டு வாந்தி எடுப்பார்கள். விரல் முட்டியில் காய்ப்பு, பல் கூச்சம் இருந்தால் அதையும் கவனியுங்கள். திட்டவும் வேண்டாம், "இளைச்சுட்டே, அழகா இருக்கே" என்று பாராட்டவும் வேண்டாம். முதலில் டாக்டரிடம் கூட்டிப் போங்கள். மனநல ஆலோசனைக்கு டெலி மனஸ் 14416, இலவசம், தமிழிலேயே பேசலாம்.

பணத்தைத் திருப்பிக் கேட்டால் பில்லில் 'நோ ரீஃபண்ட்' என்ற முத்திரையைக் காட்டுகிறார்கள். உணவுப் பாதுகாப்புத் துறைக்குப் புகார் கொடுத்திருக்கிறோம். நீங்களும் அந்த மாதிரி இடத்தில் பணம் கட்டியிருந்தால் பாக்கெட், பில், வாட்ஸப் மெசேஜ் எதையும் அழிக்காதீர்கள். நுகர்வோர் உதவி எண் 1915.