ஆஸ்பெஸ்டாஸ் நோய்க்கு இழப்பீடு என்று 85,000 ரூபாயைப் பறித்துவிட்டார்கள்: மதுரைப் பக்கம் இருப்பவர்கள் தயவுசெய்து படியுங்கள்

நேற்று மாலைவரை பொறுத்துப் பார்த்தோம். இனிப் பொறுப்பதற்கு ஒன்றுமில்லை. என் அப்பாவின் நுரையீரல் நோய்க்கு இழப்பீடு வாங்கித் தருவதாகச் சொல்லி மதுரையில் ஒரு வழக்கறிஞர் அலுவலகம் எங்களிடம் 85,000 ரூபாய் வாங்கியது. இன்றுவரை எந்த இடத்திலும் ஒரு மனுகூடத் தாக்கல் செய்யவில்லை. பெயரைப் பொதுவில் எழுத வேண்டாம் என்று புகார் எழுதிக் கொடுத்தவர் சொல்லியிருப்பதால் எழுதவில்லை. ‘தொழில் நோய், விபத்து இழப்பீடு’ என்று பெரிய பலகை வைத்து, கைபேசியில் வீடியோ விளம்பரமும் போடுகிற வகை அலுவலகம் என்று மட்டும் சொல்கிறேன்.

அப்பா ஒரு நூற்பாலையில் கொதிகலன் பிரிவில் வேலை பார்த்தவர். நீராவிக் குழாய்களுக்கு ஆஸ்பெஸ்டாஸ் கயிற்றைச் சுற்றி, அதன்மேல் பொடியைக் குழைத்துப் பூசுவது அவர் வேலை. பழைய பூச்சைக் கொத்தி எடுக்கிற நாட்களில் புருவமெல்லாம் வெள்ளையாகத்தான் வீட்டுக்கு வருவார். முகத்தில் கட்டிய துண்டுதான் பாதுகாப்பு. ஆலை மூடி எத்தனையோ காலம் ஆகிவிட்டது. இந்த நோயோ தூசியைச் சுவாசித்து பத்து, இருபது, முப்பது ஆண்டுகள் கழித்துத் தலைகாட்டுகிற நோய். இருமலும் இளைப்பும் வந்தபோது ஒரு தனியார் மருத்துவமனையில் காசநோய் என்று மாத்திரை கொடுத்தார்கள். சளியில் கிருமி இல்லை, இளைப்பும் குறையவில்லை. பிறகு தோப்பூர் அரசு நெஞ்சக மருத்துவமனையில் ஒரு மருத்துவர்தான், “ஐயா, நீங்கள் என்ன வேலை பார்த்தீர்கள்?” என்று முதன்முதலாகக் கேட்டார். ஸ்கேனில் நுரையீரலின் அடிப்பகுதி தழும்பேறிக் கிடந்தது. மேல் உறையில் சுண்ணாம்புத் திட்டுகள். ஆஸ்பெஸ்டோசிஸ் என்று எழுதினார். தழும்பு இனி ஆறாது, மேலும் மோசமாகாமல் பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

இழப்பீடு கேட்கலாம் என்று தெரிந்தபோது எங்களுக்குக் கிடைத்த முதல் வழி அந்த விளம்பரம்தான். போன அன்று எங்களை எப்படி நடத்தினார்கள் என்பதைச் சொல்லாவிட்டால் யாருக்கும் புரியாது. மாடிப்படி ஏறி வந்ததில் அப்பாவுக்கு மூச்சு முட்டியது. அந்த அலுவலக மேனேஜர் தன் நாற்காலியை விட்டு எழுந்து, மின்விசிறிக்கு நேராக இழுத்துப் போட்டு, “அப்பா, முதலில் உட்காருங்கள், வழக்கு எங்கும் ஓடிப்போகாது” என்றார். பையனை அனுப்பி வெந்நீர் வாங்கிவரச் சொன்னார். ஸ்கேன் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, விரலால் ஒவ்வொரு திட்டாகத் தொட்டுக் காட்டினார். அடுத்து மேசை இழுப்பறையிலிருந்து ஒரு தீர்ப்பின் நகலை எடுத்தார். 1995 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர்களுக்காகக் கொடுத்த தீர்ப்பு. நோய் இருப்பதாகக் கண்டறியப்பட்ட தொழிலாளிக்கு ஒரு லட்சம் ரூபாய் என்ற வரியின் அடியில் சிவப்பு மையில் கோடு போட்டிருந்தது. “அன்றைக்கே ஒரு லட்சம் என்றால் இன்றைக்கு இருபது லட்சத்துக்குக் குறையாது, தம்பி” என்றார். அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். தன் நோவை இத்தனை அக்கறையாக ஒருவர் விசாரித்தது அவருக்கு அதுதான் முதல் தடவை. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே அந்த ஆள் ஏமாற்றியிருக்கிறான். இதை நினைத்தால்தான் எனக்கு இரவில் தூக்கம் வருவதில்லை.

அந்தத் தீர்ப்பு உண்மையானது. அதனால்தான் நம்பினோம். அமெரிக்காவில் இப்படிப்பட்ட நோயாளிகளுக்குக் கோடிக்கணக்கில் பணம் கிடைத்த வீடியோக்களையும் காட்டினார்கள். அங்கே பெரும்பாலும் வழக்கறிஞர்கள் முன்பணம் வாங்காமல், வென்றால் வரும் தொகையில் பங்கு எடுத்துக்கொள்கிறார்கள். இங்கே இவர்கள் கேட்டது இரண்டையும்: ஆவணச் செலவுக்கு 35,000 ரூபாய் முன்பணம், வென்றால் முப்பது சதவீதம் பங்கு. வழக்கின் முடிவைப் பொறுத்துப் பங்கு பேசுவதை இந்திய பார் கவுன்சில் (வழக்கறிஞர்களை நெறிப்படுத்தும் அமைப்பு) விதிகள் தடை செய்திருக்கின்றன என்று பின்னால்தான் ஒருவர் சொன்னார். வழக்கை நடத்த அதிகாரம் கொடுக்கும் வக்காலத்துப் படிவத்தில் அப்பா கையெழுத்துப் போட்டபோது வழக்கறிஞரின் பெயர் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. “ஐயா கோர்ட்டிலிருந்து வந்ததும் நிரப்பிக்கொள்வார்” என்றார்கள். ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடு) அட்டை, ஆலை கொடுத்த பணிச் சான்று, எக்ஸ்ரே படங்கள், ஸ்கேன் எல்லாவற்றையும் அசலாகவே வாங்கிக்கொண்டார்கள். ரசீது என்று கொடுத்தது ஒரு துண்டுச் சீட்டு.

அதற்குப் பிறகு பதில்கள் மட்டும்தான் வந்தன. கோப்பு சென்னைக்குப் போயிருக்கிறது. ஐயா உயர் நீதிமன்றக் கிளையில் வாதத்தில் இருக்கிறார். கோடை விடுமுறை. மருத்துவ வாரியத்தில் நாள் வாங்க வேண்டும், அதற்கு 50,000 ரூபாய் ஆகும். அம்மாவின் சங்கிலியை அடகு வைத்துத்தான் அந்த 50,000 ரூபாயைக் கட்டினோம். 35,000-மும் 50,000-மும் சேர்த்து 85,000 ரூபாய். அத்தோடு குரலே மாறிவிட்டது. “சும்மா சும்மா போன் செய்தால் வேலை எப்படி நடக்கும்?” என்று, அப்பா என்று அழைத்த அதே வாய் கேட்டது. இளைத்துக்கொண்டு மாடியேறிப் போன அப்பாவை வெளி பெஞ்சிலேயே மதியம்வரை உட்கார வைத்துவிட்டு, “இன்று சந்திக்க முடியாது” என்று திருப்பி அனுப்பினார்கள்.

நெருக்கிக் கேட்டபோது, உயர் நீதிமன்றக் கிளையில் ரிட் மனு போட்டாகிவிட்டது என்று ஒரு எண்ணை எழுதிக் கொடுத்தார்கள். என் மைத்துனர் அந்த எண்ணை நீதிமன்ற இணையதளத்தில் போட்டுப் பார்த்தார். வேறு மாவட்டத்தில் யாரோ இருவருக்குள் நடக்கும் பட்டா தகராறு அது. அப்பாவின் பெயர் எந்த மூலையிலும் இல்லை.

பலகையில் பெயர் இருக்கும் வழக்கறிஞரை நேற்றுதான் முதன்முதலாக நேரில் பார்த்தோம். “அந்த மேனேஜர் இப்போது இங்கே இல்லை, பணம் என் கைக்கு வரவில்லை” என்றார். அப்படியானால் ஆவணங்களையாவது கொடுங்கள் என்றதற்கு, மீதிக் கட்டணம் கட்டினால்தான் கோப்பைத் தர முடியும் என்றார்! பணமே வரவில்லை என்பவருக்கு மீதி எங்கிருந்து வந்தது? கட்டண பாக்கிக்காகக் கட்சிக்காரரின் கோப்பை வழக்கறிஞர் பிடித்துவைக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டிலேயே சொல்லியிருக்கிறது. அது அவருக்குத் தெரியாமல் இருக்காது.

இதைவிட வயிறு எரிகிற விஷயம் ஒன்று. நேற்று அங்கிருந்து நேராக மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும், இலவச சட்ட உதவி தரும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போனோம். அங்கிருந்த பெண் வழக்கறிஞர் பேசி முடிப்பதற்குள் கேட்ட கேள்வி, “அப்பாவுக்கு ஈ.எஸ்.ஐ. பிடித்தார்களா?” என்பதுதான். பிடித்தார்கள் என்றோம். அப்படியென்றால் பாதையே வேறு என்றார். ஈ.எஸ்.ஐ. காப்பீட்டில் இருந்த தொழிலாளி 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தில் முதலாளி மீது இழப்பீடு கேட்க முடியாது, 2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்த ஈ.எஸ்.ஐ. சட்டத்தின் 53-ஆவது பிரிவு அதைத் தடுத்தது. ஈ.எஸ்.ஐ. கழகத்திடம்தான் கேட்க வேண்டும். அந்தச் சட்டத்தின் மூன்றாவது அட்டவணையில் ஆஸ்பெஸ்டோசிஸ் தொழில் நோயாகப் பெயர் சொல்லியே இடம்பெற்றிருந்தது. மருத்துவ வாரியம் பாதிப்பு எத்தனை சதவீதம் என்று மதிப்பிட்ட பிறகு பலன் தீர்மானமாகும். முடிவில் தகராறு என்றால் அதற்குத் தனி ஈ.எஸ்.ஐ. நீதிமன்றம் இருக்கிறது. வாரியத்தின் முன் நிற்க 50,000 ரூபாய் கேட்டது முழுப் பொய். 1995 தீர்ப்பை முழுதாகப் படித்திருந்தால் உருப்படியாக ஒரு வேலை செய்திருக்கலாம் என்றும் சொன்னார். தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டை வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 ஆண்டுகள் அல்லது வேலையை விட்டபின் 15 ஆண்டுகள், இதில் எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்க வேண்டும் என்று அதே தீர்ப்பு உத்தரவிட்டிருக்கிறது. அதைக் கேட்டு நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் எழுத எவ்வளவு செலவாகும்? 85,000 ரூபாய் வாங்கியவர்கள் அதைக்கூடச் செய்யவில்லை. சிவப்பு மையில் கோடு போட்டதோடு சரி.

நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போகலாம் என்று உறவினர் சொன்னார். வழக்கறிஞர் சேவை நுகர்வோர் சட்டத்தில் வராது என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டதால் அந்தக் கதவும் அடைத்துக் கிடக்கிறது. தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சிலுக்குப் புகாரும், மோசடிக்குக் காவல் துறையில் புகாரும் கொடுக்கிறோம்.

எப்படி வழக்கறிஞரைத் தேர்ந்தெடுப்பது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது காவல் நிலையத்துக்குக் கிளம்ப வேண்டும், முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். அசல் ஆவணம் ஒன்றைக்கூடக் கொடுக்காதீர்கள், நகல் போதும். வக்காலத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவரை நேரில் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். அவருடைய பார் கவுன்சில் பதிவு எண்ணைக் கேளுங்கள். முதல் சந்திப்பிலேயே ஈ.எஸ்.ஐ. பற்றிக் கேட்காமல் லட்சக்கணக்கு பேசுகிறவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். வழக்கு எண் கொடுத்தால் அன்றைக்கே இணையத்தில் போட்டுப் பாருங்கள். ஈ.எஸ்.ஐ. இல்லாதவர்கள் இழப்பீடு கேட்கக் காலக்கெடு இருக்கிறது (2025 நவம்பர் வரை இருந்த 1923 சட்டத்தில் அது இரண்டு ஆண்டு), தாமதத்துக்குத் தக்க காரணம் காட்ட வேண்டியிருக்கும், ஆகவே இழுத்தடிப்பவரிடம் மாட்டாதீர்கள். ஆலைத் தொழிலாளர்களுக்கும் பெண்களுக்கும் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும் சட்ட உதவி இலவசம். 15100 என்ற எண்ணுக்குப் பேசுங்கள்.

அந்த அலுவலகத்தைச் சேர்ந்தவர்கள் இதைப் படித்தால்: 85,000 ரூபாயைச் சட்டப்படி வாங்கிக்கொள்கிறோம். அப்பாவின் ஈ.எஸ்.ஐ. அட்டையையும் பணிச் சான்றையும் எக்ஸ்ரே படங்களையும் இன்றைக்கே திருப்பிக் கொடுங்கள். அவை இல்லாமல் அவரால் எங்கும் விண்ணப்பிக்க முடியவில்லை.