மன்னார்குடி பக்கம் டிராக்டர் ஹைட்ராலிக் (ஆயில் பிரஷர்ல தூக்கி எறக்கற) வேலைக்கு இந்தப் பட்டறைய நம்பி வண்டிய விடலாம்

மேட்டூர வழக்கமா ஜூன் 12 தொறப்பாங்க, தண்ணி கடைமடைக்கு வந்துட்டா எங்க பக்கம் எல்லாருக்கும் ஒரே நேரத்துல சேறடிக்கணும், அப்ப வண்டி ஒரு நாள் நின்னாலும் கூப்பிட்டவங்க வேற வண்டிய விட்டு ஓட்டிருவாங்க. எங்க 24 ஹெச்பி சின்ன வண்டில, பின்னாடி மாட்டி சேறடிக்கற ரொட்டவேட்டர தூக்கி வச்சு இஞ்சின நிப்பாட்டுனா தானா எறங்கிடும், சீட்டுக்கு கீழ ஆயில் கசிஞ்சு தூசியோட கருப்பா அப்பிக் கெடக்கும். வேற ஒரு எடத்துல சரியா பாக்காமலே பம்பு போச்சு, புதுசு மாத்தணும்னு சொல்லிட்டாங்க.

இந்தப் பட்டறை அண்ணன் ஸ்பேனரையே எடுக்கல. மொதல்ல டீசல் ஊத்தி கழுவி, துணியால தொடச்சு, காய விட்டு, தூக்கி எறக்கி ஓட்டிப் பாத்தாரு. சொட்டுறது கீழன்னாலும் கெளம்புனது மேல, பைப்பு போல்ட்டுல இருந்த செம்பு வாஷர்லேந்து. "பம்பு போயிருந்தா தூக்கறதுக்கே திணறும் தம்பி, தூக்குனது நிக்கலன்னா சிலிண்டர் சீல் இல்ல வால்வு"ன்னாரு. லிவர கீழ எறக்கி பிரஷர விட்டுட்டுதான் கழட்டுனாரு, பிஸ்டன் ஓ ரிங்க (ஆயில் கசியாம அடைக்கற ரப்பர் வளையம்) எடுத்து கைல குடுத்தாரு, உருண்டையா இருக்க வேண்டியது ஒரு பக்கம் தட்டையா, பிளாஸ்டிக் மாதிரி வெறப்பா இருந்துச்சு. அதோட, அது பிதுங்காம தாங்கற பேக்கப் ரிங்கும் மாத்துனாரு. பைப்பு கசிஞ்ச எடத்துல டெஃப்லான் டேப் சுத்தலாமான்னு கேட்டேன், துணுக்கு பிஞ்சு வால்வுல போய் அடைச்சுக்கும்னு வேணாம்னுட்டாரு. ஆயில் பால் காப்பி கலருக்கு மாறி இருந்துச்சு, சேத்துல ஓட்டறப்ப தண்ணி உள்ள எறங்கிருக்கு, அதனால வடிச்சு ஸ்ட்ரெய்னரையும் (ஆயில் வடிகட்டி) கழுவி புதுசு ஊத்துனாரு.

எனக்கு ரொம்ப புடிச்சது ஒன்னு இருக்கு. டிப்பர் ட்ரெய்லர தூக்கற ஆயில் ஹோஸ்ல ஊசி ஓட்டை மாதிரி பீச்சுச்சு, கூட வந்த பையன் கைய வச்சு தடவப் போனான், அண்ணன் சத்தம் போட்டு நிறுத்திட்டாரு. அந்த பிரஷர்ல ஆயில் தோல கிழிச்சு உள்ள போயிரும், வெளில சின்ன புள்ளிதான் தெரியும், உள்ள சதை அழுகி விரலையே எடுக்க வேண்டி வரும், பட்டுட்டா வலி இல்லன்னாலும் உடனே ஆஸ்பத்திரி போகணும்னாரு. அப்புறம் அட்டைய நீட்டி எடத்த காமிச்சாரு, ஹோஸுக்கு ஒட்டு போடாம புதுசா பிரஸ் பண்ணி குடுத்தாரு. இப்படி பொறுப்பா சொல்ற மெக்கானிக் கெடைக்கறது பெருசுங்க.

கூலி கொஞ்சம் கூடதான், ஆனா சாமானுக்கும் கூலிக்கும் தனித்தனியா எழுதிக் குடுக்கறாரு. சீசன்ல கூட்டம் நெரியும், போன் எடுக்க மாட்டாரு, அதனால தண்ணி வர்றதுக்கு முன்னாடியே சித்திரை வைகாசில வண்டிய கொண்டு போய் விட்ருங்க.