டேடோனாவா, டல்லடேகாவா? எதற்குத் தயாராவது கடினம்?

அமெரிக்கக் கார் பந்தயமான நாஸ்காரில் சூப்பர்ஸ்பீட்வே (மிக நீளமான அதிவேகப் பந்தயப் பாதை) என்றதும் முதலில் நினைவுக்கு வருபவை இந்த இரண்டும்தான். 1959-இல் திறந்த டேடோனா, சுற்றுக்கு 2.5 மைல், வளைவில் 31 டிகிரி சரிவு. டல்லடேகா பத்து வருடம் இளையது. 2.66 மைல், 33 டிகிரி. எண்களைப் பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள் என்றே தோன்றும். ஓட்டுநரைக் கேட்டால் சிரிப்பார்.

டேடோனா குறுகலானது. வெயிலில் தளம் சூடேறி, டயரும் தேய்ந்துவிட்டால், நெருங்கி ஓடும் கார்களுக்கு நடுவே கார் வழுக்கத் தொடங்கும். அதனால் வேகத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்தாவது, வளைவில் பிடிமானம் கிடைக்கும்படி காரை அமைக்க வேண்டும். இது பட்டறையில் செய்யக்கூடிய வேலை.

டல்லடேகா அகலம். ஆக்சிலரேட்டரை முழுக்க அழுத்தியபடியே சுற்றலாம். அப்புறம் தயாரிப்பு என்ன? பழைய பந்தய வீடியோக்கள்தான்: யார் யாரைத் தள்ளுகிறார், எந்த வரிசை எப்போது முந்துகிறது. பின்னால் வருபவரின் பம்பர் நடுவில் முட்டினால் கூடுதல் வேகம். சற்று ஓரமாக முட்டினால் முன்கார் சுழன்றுவிடும், கூடவே பத்துப் பதினைந்து கார்களும் நொறுங்கலாம். முடிவுக்கோடும் டேடோனாவைப் போல முன்பக்கப் பாதையின் நடுவில் இல்லை, முதல் வளைவை நோக்கித் தள்ளி இருக்கிறது. கடைசிச் சுற்றில் முன்னால் இருப்பவர் அந்தக் கூடுதல் தூரமும் தாக்குப்பிடிக்க வேண்டும்.

என்னைக் கேட்டால் டல்லடேகாதான் கடினம். டேடோனாவில் நல்ல கார் ஓரளவு காப்பாற்றும். இங்கே பக்கத்துக் காரின் தவறுக்குத் தயாராக வழியே இல்லை.