சிவப்பு மாத்திரையா, டானிக்கா, டிரிப்ஸா, லேகியமா: இரும்புச்சத்துக்கு எது?

கர்ப்பிணிகள் ஓபி-யில் உட்காரும் எந்த நர்ஸையும் கேளுங்கள், தினமும் வரும் கேள்வி இது: "சிஸ்டர், இங்க இலவசமா குடுக்குற சிவப்பு மாத்திரையே போதுமா, இல்ல பிரைவேட்ல எழுதிக் குடுத்ததை வாங்கட்டுமா?" கூட வரும் மாமியார் பெரும்பாலும் லேகியக் கட்சி. எனக்கு எந்தக் கட்சியும் இல்லை, ஆனால் ஒரு சாய்வு உண்டு. கடைசி வரை ஒழுங்காக வயிற்றுக்குள் போகிற மருந்துதான் நல்ல மருந்து, பாதி ஸ்ட்ரிப்போடு ஃபிரிட்ஜ் மேல் தூங்குகிற மருந்து எவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் தண்டம்.

முதலில் சிவப்பு மாத்திரை. ஒன்றில் 60 மில்லிகிராம் இரும்பு, 500 மைக்ரோகிராம் போலிக் அமிலம். நாலாவது மாதத்திலிருந்து 180 நாள், பிரசவத்துக்கு அப்புறம் இன்னொரு 180 நாள். பள்ளிக்கூடத்தில் பெண் பிள்ளைகளுக்கு வாரம் ஒன்று தரும் நீல மாத்திரையிலும் இதே அளவுதான், நிறம் மட்டும்தான் வேறு. தனியார் டாக்டர்கள் அதிகம் எழுதுவது ஃபெரஸ் அஸ்கார்பேட், பெரும்பாலும் 100 மில்லிகிராம் இரும்பு. வயிற்றை அவ்வளவாகப் புரட்டாது என்று நிறையப் பேர் சொல்கிறார்கள், அதை மறுக்க மாட்டேன். வைட்டமின் சி சேர்ந்தது என்பதுதான் அதன் பெருமை என்றால், சிவப்பு மாத்திரையை ஒரு டம்ளர் எலுமிச்சை ஜூஸோடு போட்டாலே அந்த வேலையில் பெரும்பகுதி நடந்துவிடும்.

இரண்டு பிராண்டை ஒப்பிட வேண்டுமானால் முன்பக்கத்துப் பெரிய எழுத்தைப் பார்க்காதீர்கள். ஸ்ட்ரிப்பைத் திருப்பி, வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால், பொடி எழுத்தில் 'எலிமென்டல் அயர்ன்', அதாவது மருந்தில் இருக்கும் நிஜ இரும்பு, என்று ஒரு எண் இருக்கும், அதுதான் கணக்கு. ஃபெரஸ் ஃபியூமரேட் என்றால் அதில் மூன்றில் ஒரு பங்குதான் இரும்பு. குளுக்கோனேட் என்றால் சுமார் 12 சதவீதம்தான். 300 என்று போட்டிருப்பது 200-ஐ விட உசத்தி என்று நினைத்து வாங்கினால் ஏமாந்துதான் போவீர்கள்.

"ஆனா அது எனக்கு ஒத்துக்கல சிஸ்டர்" என்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: எப்போது, எதோடு போடுகிறீர்கள்? பெரம்பூர் பக்கத்திலிருந்து வரும் ஒரு பெண் பையைக் கவிழ்த்து எல்லாவற்றையும் மேஜையில் கொட்டினார். தைராய்டு மாத்திரை, இரும்பு, கால்சியம். மூன்றையும் காலையில் ஒரே கையில் எடுத்து, பின்னாலேயே டபரா நிறைய ஃபில்டர் காபி. மாதக் கணக்கில் சாப்பிட்டும் ஹீமோகுளோபின் 9-ஐத் தாண்டவில்லை, எப்படித் தாண்டும்? காபியும் டீயும் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும், கால்சியம் அதை உள்ளே விடாது, இரும்பும் கால்சியமும் சேர்ந்து தைராய்டு மாத்திரையையும் வேலை செய்ய விடாது. மருந்தை மாற்றவே இல்லை, நேரத்தைத்தான் மாற்றினோம். விடிகாலை ஆறு மணிக்கு வெறும் வயிற்றில் தைராய்டு, பதினொன்று வாக்கில் எலுமிச்சை ஜூஸோடு இரும்பு, மதியச் சாப்பாட்டோடு ஒரு கால்சியம், ராத்திரிச் சாப்பாட்டோடு இன்னொன்று. தைராய்டுக்கும் மற்ற இரண்டுக்கும் நடுவில் நாலு மணி நேரம், இரும்புக்கும் கால்சியத்துக்கும் நடுவில் இரண்டு மணி நேரம், இதுதான் விஷயம்.

கால்சியத்திலும் இப்படி ஒரு போட்டி உண்டு. கார்பனேட் மலிவு, இரும்பில் சொன்ன கணக்குப்படி பார்த்தால் 40 சதவீதம் கால்சியம், ஆனால் சாப்பாட்டோடு போட்டால்தான் சேரும். சிட்ரேட்டில் 21 சதவீதம்தான், ஆனால் எப்போது வேண்டுமானாலும் போடலாம். அசிடிட்டிக்கு தினமும் பான்டப்ரசோல் போடுகிறவர்களுக்கு சிட்ரேட் நல்லது, மற்றவர்களுக்கு கார்பனேட்டே தாராளம்.

மலம் கறுப்பாகப் போவதைப் பார்த்துப் பயந்து நிறுத்துகிறவர்கள் நிறைய. அது இரும்பின் நிறம், பயப்பட ஒன்றுமில்லை. தார் மாதிரி பிசுபிசுவென்று நாற்றத்தோடு போனாலோ தலை சுற்றினாலோ கதை வேறு, உடனே காட்டுங்கள். மலச்சிக்கலுக்குத் தண்ணீர், கீரை, வாழைத்தண்டு. குமட்டல் தாங்கவில்லை என்றால் ஒருநாள் விட்டு ஒருநாள் போடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள்; இடைவெளி விட்டால் ஒவ்வொரு மாத்திரையிலிருந்தும் உடம்பு கொஞ்சம் கூடுதலாகவே எடுத்துக்கொள்கிறது.

டானிக் குழந்தைகளுக்கும் மாத்திரை விழுங்க முடியாதவர்களுக்கும் சரி. பல் கறுக்கும், ஸ்ட்ரா வைத்துக் குடித்து வாய் கொப்பளிக்க வேண்டும். சமையலறை ஸ்பூனால் அளக்காதீர்கள், மூடியில் கோடு இருக்கிறது. முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் ஊட்டச்சத்துப் பெட்டகத்தில் வருகிற டானிக்கையும் குடித்து மாத்திரையையும் விழுங்குவோர் உண்டு. எதைத் தொடர்வது என்று நர்ஸிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

டிரிப்ஸ் பற்றித்தான் மோகம் அதிகம். அதில் ஏற்றும் அயர்ன் சுக்ரோஸ் என்பது இரும்பு மருந்து, ரத்தம் இல்லை, ஏற்றின அன்றைக்கே தெம்பு வராது, ஹீமோகுளோபின் ஏற இரண்டு மூன்று வாரம் ஆகும். மாத்திரை நிஜமாகவே தோற்றவர்களுக்கும், பிரசவம் நெருங்கியும் அளவு குறைவாக இருப்பவர்களுக்கும் இது கைகொடுக்கும். ஏற்றும்போது மூச்சு முட்டல், அரிப்பு, நெஞ்சு இறுக்கம் என்று எது வந்தாலும் அந்த நொடியே சொல்ல வேண்டும். ஊசி போட்ட இடத்தில் எரிந்தாலும்தான், ஏனென்றால் மருந்து வெளியே கசிந்தால் தோலில் பழுப்புக் கறை விழும், மாதக் கணக்கில் போகாது. இந்தத் தொல்லையெல்லாம் மாத்திரையில் இல்லை.

சரி, மாமியாருக்கு வருவோம். "இது மூலிகைதானே, ஒண்ணும் பண்ணாது" என்று தரும் அன்னபேதி செந்தூரம் மூலிகையே இல்லை. அன்னபேதி என்பதே ஃபெரஸ் சல்ஃபேட்தான்! சித்த மருத்துவர்கள் அதைச் சோகைக்குத் தெரிந்தேதான் தருகிறார்கள். தாம்பரம் சானடோரியத்திலோ அரும்பாக்கத்திலோ சித்த மருத்துவமனையில் காட்டி, சிவப்பு மாத்திரை போடுவதையும் சொல்லி வாங்கினால் எனக்கு ஆட்சேபணை இல்லை. சீட்டும் பேட்ச் எண்ணும் இல்லாத பொட்டலத்தை இரும்பு மாத்திரைக்கு மேல் கொடுப்பதுதான் ஆட்சேபணை. லேகியத்தில் இன்னொரு சிக்கல் வெல்லம்; கர்ப்ப காலச் சர்க்கரை உள்ளவர்களுக்கு அந்த நெல்லிக்காய் அளவு உருண்டையே கணக்கில் வரும்.

முருங்கைக்கீரையும் சுவரொட்டியும் (ஆட்டு மண்ணீரல்) சாப்பிடுங்கள், அதிலும் சுவரொட்டியின் இரும்பு கீரையை விட நன்றாகவே சேரும். ஆனால் ஹீமோகுளோபின் 8-ல் இருப்பவரை 11-க்கு ஏற்ற சாப்பாடு மட்டும் போதாது. ஒழுங்காகப் போட்டும் ஒரு மாதத்தில் 1 கிராமாவது ஏறவில்லை என்றால் பிராண்டை மாற்றாதீர்கள், பரம்பரையாக வரும் ரத்தக் கோளாறான தலசீமியாவின் கூறு இருக்கிறதா, பி12 குறைவா என்று பரிசோதனை செய்யுங்கள்.

ஆபரேஷனுக்கு அட்மிட் ஆகும்போது "வேற மருந்து ஏதாவது?" என்றால் எல்லாரும் இல்லை என்றுதான் சொல்வார்கள், மூலிகை கேப்ஸ்யூல் அவர்கள் கணக்கில் மருந்தே இல்லை. பூண்டு, மஞ்சள், கின்கோ கேப்ஸ்யூல்கள் ரத்தப்போக்கைக் கூட்டலாம், ரத்தம் உறையாமல் இருக்க அசிட்ரோம் மாத்திரை போடுகிறவர்களுக்கு இன்னும் ஆபத்து. அதிமதுரம் பிபியை ஏற்றும். அமுக்கரா (அஸ்வகந்தா) கர்ப்பிணிக்கு வேண்டாம். முடிக்குப் போடும் பயோட்டின் தைராய்டு ரிசல்ட்டையே குழப்பும். எல்லாவற்றையும் சொல்லுங்கள்.

எந்த வகை இரும்பை வாங்கினாலும் பரண் உயரத்தில் வையுங்கள். சர்க்கரைப் பூச்சு போட்ட சிவப்பு மாத்திரை குழந்தை கண்ணுக்கு மிட்டாய். விழுங்கிய குழந்தை முதலில் வாந்தி எடுக்கும், அப்புறம் சில மணி நேரம் தெளிந்து விளையாடும், அதற்குப் பிறகுதான் ஈரல் அடிவாங்கும். தெளிந்துவிட்டதே என்று வீட்டில் வைத்திருக்காமல், மிச்ச ஸ்ட்ரிப்பையும் கையில் எடுத்துக்கொண்டு எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்கோ பக்கத்தில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கோ ஓடுங்கள்.